தண்டுவட மரப்பு நோயில் சிந்தையும் உள்ளமும்

நோயுற்றோரைச் சந்தித்தல் ஆயர் பணியின் இன்றியமையாத பகுதி என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயினும், நாம் சந்திக்கச் செல்லும் ஒருவரின் நோய் எத்தகையது, அது உடலில் எங்கெங்கு செயற்படுகிறது, அவருடைய பேச்சிலும் நடத்தையிலும் நாம் காண்பவற்றுள் நோயின் விளைவு எது, அவருடைய இயல்பு எது என்பவற்றை அறிந்து செல்வோர் நம்மில் சிலரே. கடுங்காய்ச்சலில் ஒருவர் பிதற்றினால் அதை நாம் குற்றமாகக் கொள்வதில்லை. ஆனால், தாமே நடந்து வந்து நம் முன் அமர்ந்து தெளிவாகப் பேசும் ஒருவர், நேற்று ஏற்றுக்கொண்ட பணியை இன்று மறந்துவிட்டால், அதை நோய் என்று கருத நமக்குத் தோன்றுவதில்லை. பொறுப்பற்றவர் என்றோ ஆர்வம் குன்றியவர் என்றோ தீர்ப்புக் கூறிவிடுகிறோம். இத்தகைய தீர்ப்புக்கு எளிதில் ஆளாகும் நோயாளருள் ஒரு பிரிவினரைப் பற்றி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருத்துவர்கள் 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' என்றும், சுருக்கமாக 'எம்.எஸ்.' என்றும் வழங்கும் நோய் தமிழில் 'தண்டுவட மரப்பு நோய்' எனப்படுகிறது. இப்பெயரே நம்மை ஓரளவு வழிதவறச் செய்கிறது எனலாம். தண்டுவடம் என்றவுடன் காலும் கையும் நம் நினைவுக்கு வருகின்றனவேயன்றி, நினைவாற்றலும் சிந்தனையும் உணர்வும் வருவதில்லை. உண்மையில் இந்நோய் தண்டுவடத்தோடு மூளையையும் கண் நரம்புகளையும் தாக்குவது. ஊன்றுகோலையும் சக்கர நாற்காலியையும் காண்கின்ற நம் கண்கள், உள்ளே நிகழும் மாற்றத்தைக் காண்பதில்லை. சில வேளைகளில் ஊன்றுகோலும் இல்லை. நடை நன்றாகவே இருக்கிறது. இடர்ப்பாடு முழுவதும் உள்ளேயே இருக்கிறது.

1. நோயின் இயல்பு

நம் மூளையிலும் தண்டுவடத்திலும் செய்திகளைச் சுமந்து செல்லும் நரம்பிழைகள் பலவற்றை 'மயலின்' என்னும் கொழுப்புச் செறிந்த உறை சுற்றியிருக்கிறது. மின்கம்பியின் மேலுள்ள உறையோடு இதனை ஒப்பிடுவது வழக்கம். ஆனால் இவ்வுறை பாதுகாப்புக்காக மட்டும் அமைந்ததன்று; செய்தி செல்லும் விரைவும் இதனையே சார்ந்துள்ளது. உறையிட்ட தடித்த நரம்பிழையில் செய்தி வினாடிக்கு 100 மீட்டர் அளவுக்கு விரைந்து செல்ல இயலும். உறையற்ற மெல்லிய இழையிலோ அது வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டுவதே அரிது. இவ்வேறுபாட்டை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர்க் கூறப்படுபவற்றுட் பல இதிலிருந்தே விளங்கும்.

கிருமிகளை எதிர்த்து உடலைக் காக்க வேண்டிய ஆற்றல், இந்நோயில் தன் உடலின் மயலின் உறையையே பகையெனக் கொண்டு தாக்குகிறது. தாக்கப்பட்ட இடம் அழற்சியுற்று, உறை சிதைந்து, ஆறிய பின் கடினமான தழும்பாகிறது. இத்தகைய தழும்புகள் பல இடங்களில், பல காலங்களில் தோன்றுவதனாலேயே இந்நோய் அப்பெயர் பெற்றது. உறை மீண்டும் ஓரளவு வளர்வதுண்டு. எனினும் நாளடைவில் நரம்பிழைகளே அறுபட்டு, மூளையின் பருமனும் சுருங்குகிறது. நோயாளருள் ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்கு இந்நோய் திடீரெனத் தாக்குவதும் பின் தணிவதுமாகத் தொடங்குகிறது. பார்வை மங்கல், கை கால் மரத்தல், தள்ளாட்டம், சிறுநீரை அடக்க இயலாமை முதலியன பலரும் அறிந்த அறிகுறிகள்.

உலகில் 28 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்கின்றனர். மேலை நாடுகளைவிட இந்தியாவில் இது குறைவு. ஆயினும் அரிதென்று ஒதுக்கிவிடத் தக்கதன்று. பெரும்பாலும் 20 வயதிற்கும் 40 வயதிற்கும் இடையே இது தோன்றுகிறது. ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகப் பற்றுகிறது. தொழில், திருமணம், குழந்தை வளர்ப்பு ஆகியன தொடங்கும் பருவம் இதுவே என்பதை நாம் கருத்திற் கொள்ள வேண்டும். பரம்பரைக் கூறுகள், வெயிற்படாமை, புகைபிடித்தல் ஆகியவற்றோடு, எப்ஸ்டைன்-பார் என்னும் வைரசும் இதற்குக் காரணமாதல் கூடும். அமெரிக்கப் படையினரின் பல்லாண்டுக்கால இரத்த மாதிரிகளைக் கொண்டு 1 கோடிக்கும் மேற்பட்டோரிடையே நிகழ்த்தி 2022இல் வெளியிடப்பட்ட ஆய்வு, அவ்வைரஸ் தொற்றிய பின் எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்காக உயர்ந்ததைக் காட்டியது. எனினும் அவ்வைரஸ் தொற்றியோருள் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதில்லை. எம்.எஸ். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் நோயன்று. அதனைச் சாபமெனக் கூறுவதற்கும் ஆதாரம் இல்லை. முற்றிலும் நீக்கும் மருந்து இன்றும் கிடையாது. ஆனால் தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் 1993 முதல் ஒன்றன்பின் ஒன்றாக வந்துள்ளன.

2. கண்டறியப்பட்டு மறக்கப்பட்ட உண்மை

இந்நோயைத் தனியொரு நோயாகத் தெளிவுபட விளக்கியவர், பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையிற் பணியாற்றிய ஷான்-மார்த்தேன் ஷார்கோ என்னும் பிரெஞ்சு மருத்துவர். 1868இல் அவர் இந்நோயைப் பற்றி ஆற்றிய விரிவுரைகளில், நடுக்கத்தையும் தளர்ச்சியையும் மட்டுமன்றி, நோயாளரின் நினைவு குன்றுவதையும், கருத்துகள் மெல்ல உருவாவதையும், காரணமின்றிச் சிரிப்பும் அழுகையும் தோன்றுவதையும் குறிப்பிட்டார். ஆகவே, சிந்தையும் உள்ளமும் இந்நோயிற் பாதிக்கப்படுகின்றன என்பது புதிய செய்தியன்று.

ஆயினும் பிற்கால மருத்துவ உலகம் அதனை ஏறக்குறைய மறந்தது. 1926இல் காட்ரெல், கின்னியர் வில்சன் என்னும் இருவர் இலண்டனில் 100 நோயாளரை ஆராய்ந்து, அவர்களுட் பெரும்பாலோர் தம் நிலைக்குப் பொருந்தாத மகிழ்ச்சியுடன் இருப்பதாகவும், அறிவாற்றற் குறைவு நூற்றில் இருவரிடம் மட்டுமே உள்ளதாகவும் கூறினர். முறையான உளவியற் சோதனைகளின்றி, உரையாடலை வைத்தே எழுந்த முடிவு அது. நன்றாகப் பேசுபவர் நன்றாகச் சிந்திக்கிறார் என்று கொள்வது எவ்வளவு எளிது என்பதற்கு இதுவே சான்று. 'எம்.எஸ். நோயாளர் மகிழ்ச்சியாக இருப்பர். அவர்தம் அறிவுக்குக் குறைவில்லை' என்னும் எண்ணம் பல பதிற்றாண்டுகள் நிலைபெற்றது.

இதனை மாற்றியவற்றுள் முக்கியமானது, ஸ்டீபன் ராவ் என்பாரும் அவருடன் பணியாற்றியோரும் அமெரிக்காவில் 1991இல் வெளியிட்ட ஆய்வாகும். மருத்துவமனைகளில் அன்றித் தம் இல்லங்களில் வாழ்ந்துவந்த 100 நோயாளரை, நோயற்ற 100 பேருடன் ஒப்பிட்டு, பல சோதனைகளைக் கொடுத்து அளந்ததில், நோயாளருள் 43 விழுக்காட்டினரிடம் அறிவாற்றற் குறைவு காணப்பட்டது. பிற ஆய்வுகள் இதனை 40 முதல் 65 விழுக்காடு எனக் காட்டுகின்றன. ராவ் ஆய்வின் மறுபகுதி நம் கவனத்திற்கு மேலும் உரியது. உடல் ஊனம் ஒத்த அளவினதாக இருந்தபோதும், அறிவாற்றற் குறைவுடையோர் வேலையில் நீடித்தல் குறைந்திருந்தது. அவர்கள் பிறருடன் கூடிப் பழகுவதும் குறைந்திருந்தது. வீட்டு வேலைகளிலும் மிகுதியாக இடர்ப்பட்டனர். அதாவது, ஒருவரை வேலையிலிருந்தும் நண்பரிடமிருந்தும் பிரிப்பதற்குக் கால் தளர்ச்சி வேண்டியதில்லை; சிந்தனைத் தளர்ச்சியே போதும்.

3. சிந்தனை தடைப்படும் விதம்

நோய் சிந்தனையை எவ்வாறு தடுக்கிறது, எதனைத் தடுக்காமல் விடுகிறது என்னும் இரண்டையும் நாம் அறிதல் வேண்டும்.

முதலாவதும் பெரிதுமான தடை, விரைவு குன்றுதல் ஆகும். மயலின் உறையைப் பற்றி மேலே கூறியதை இங்கு நினைவுகூரலாம். மூளையின் பல பகுதிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறுவதாலேயே சிந்தனை நிகழ்கிறது. வழிகள் சிதையும்போது செய்தி தாமதமாகிறது, அல்லது சுற்றுவழியே செல்கிறது. இதனை அளப்பதற்கு ஏரன் ஸ்மித் என்பவர் 1973இல் வெளியிட்ட ஓர் எளிய சோதனை இன்றும் மருத்துவமனைகளிற் பயன்படுகிறது. ஒன்பது குறிகளுக்கு ஒன்பது எண்கள் தரப்பட்டிருக்கும். வரிசையாக உள்ள குறிகளுக்கு உரிய எண்களை 90 வினாடிகளில் எத்தனைக்குக் கூற முடிகிறது என்று பார்ப்பர். எம்.எஸ். நோயாளர் பலர் இதிற் பிழை செய்வதில்லை, பின்தங்குகின்றனர்.

இதனை நம் சூழலில் வைத்துக் காண்போம். சேகரக் குழுவின் கூட்டத்தில் நால்வர் ஒருவர்பின் ஒருவராக, சில வேளை ஒருங்கே பேசுகின்றனர், பொருளாளர் கணக்கை வாசிக்கிறார், தலைவர் வாக்கெடுக்கிறார். எம்.எஸ். நோயுள்ள உறுப்பினர் ஒருவர் அங்கு இருப்பதாகக் கொள்வோம். முதலாமவர் கூறியதை அவர் எண்ணிப் பார்த்துத் தம் கருத்தைச் சொல்ல வாய் திறக்கும்போது, கூட்டம் மூன்றாவது பொருளுக்குப் போய்விட்டது. அவர் வாய் மூடிக்கொள்கிறார். இரண்டு மூன்று கூட்டங்களுக்குப் பின் வருவதையே நிறுத்திவிடுகிறார். 'அவருக்கு இப்போது சபைக் காரியங்களில் ஈடுபாடு இல்லை' என்று குறிப்பெழுதாமலே எல்லாரும் எழுதிக்கொள்கின்றனர்.

இரண்டாவது, நினைவின் குறைபாடு. 1990ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த ஆய்வுகள் இதில் ஒரு நுட்பத்தை வெளிப்படுத்தின. ஒரு சொற்பட்டியலைக் கற்பதற்கு எம்.எஸ். நோயாளருக்கு மற்றவரைவிட மிகுதியான முறை திரும்பக் கூற வேண்டியிருந்தது. ஆனால் முழுமையாகக் கற்றுக்கொண்ட பின், அவர்கள் மற்றவரைப்போலவே அதனை நினைவில் வைத்திருந்தனர். பெட்டகத்தில் ஓட்டை இல்லை. உள்ளே வைப்பதற்கே கூடுதல் முயற்சி தேவைப்படுகிறது. 'ஒருமுறை சொன்னேனே' என்று நாம் கடிந்துகொள்ளும்போது, அந்த ஒருமுறை அவருக்குப் போதவில்லை என்பதே உண்மை.

இவற்றோடு, ஒரே வேளையில் இரு செயல்களில் கவனம் வைத்தல், ஒரு வேலையை முறைப்படுத்தித் திட்டமிடல், வேண்டிய சொல் உடனே நாவில் வருதல் ஆகியவையும் தடைப்படலாம். இவை யாவும் ஒருவரிடமே காணப்படும் என்பதில்லை. உடற்குறைவின் அளவைக் கொண்டு இவற்றின் அளவை ஊகிக்கவும் இயலாது. நோயின் தொடக்கத்திலேயே, நடையிற் குறையில்லாதவரிடத்தும் இவை காணப்படுகின்றன.

எது பெரும்பாலும் நிலைத்திருக்கிறது? மொழியறிவு, முன்னரே கற்ற கல்வி, வாழ்க்கையின் பழைய நினைவுகள் ஆகியன பெரும்பாலோரிடம் நிலைத்திருக்கின்றன. கேட்டதைப் புரிந்துகொள்ளும் ஆற்றலும், காலம் கொடுக்கப்படின், பெரும்பாலும் குறைவதில்லை. முதுமையில் வரும் அறிவழிவு நோயோடு இதனை ஒன்றாகக் கருதுதல் தவறாகும்.

4. உள்ளத்தின் துயரங்கள்

எம்.எஸ். நோயாளருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தம் வாழ்நாளில் ஒரு முறையேனும் கடும் மனச்சோர்வுக்கு ஆளாகின்றனர். பொதுமக்களிடையே உள்ள அளவினும் இது பன்மடங்கு மிகுதி. 'இத்தகைய நோய் வந்தால் யாருக்குத்தான் சோர்வு வராது?' என்று கேட்கலாம். இழப்பின் துயரம் அதிற் கலந்திருப்பது உண்மையே. எனினும் மூளையிலுள்ள அழற்சியும் தழும்புகளும் நேரடியாகவே மனநிலையைத் தாழ்த்தக்கூடும் என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. தாக்குதல் வரும்போது மிகுந்த அளவிற் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மருந்துகளும் சில நாட்களுக்கு உறக்கமின்மையையும், மனக் கொந்தளிப்பையும், பின்னர்ச் சோர்வையும் உண்டாக்குவதுண்டு. ஆகவே, இச்சோர்வை நம்பிக்கைக் குறைவென்று கொள்வது அறியாமை.

இதில் உயிரே பணயமாக உள்ளது. எம்.எஸ். நோயாளரிடையே தற்கொலை பொதுமக்களிடையே நிகழ்வதைவிட ஏறத்தாழ இரு மடங்கு. கனடா நாட்டில் டொராண்டோ நகரிற் பைன்ஸ்டைன் என்னும் உளநோய் மருத்துவர் 140 நோயாளரை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அவர்களுள் நான்கில் ஒரு பங்கினருக்கு மேற்பட்டோர் வாழ்க்கையில் ஒரு காலத்தில் தம் உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணியவர்கள். மனச்சோர்வின் கடுமை, தனித்து வாழ்தல், மதுப்பழக்கம் ஆகிய மூன்றும் அவ்வெண்ணத்தோடு தொடர்புற்றிருந்தன. அவ்வாறு எண்ணியோருள் மூன்றில் ஒருவருக்கு எவ்வித மனநல உதவியும் கிடைத்திருக்கவில்லை. மேற்கூறிய மூன்றனுள் தனித்து வாழ்தல் என்பது மருத்துவர் மட்டும் தீர்க்கக்கூடியதன்று. அது அண்டை வீட்டாருக்கும் சபைக்கும் உரிய பொறுப்பு.

பதற்றமும் அச்சமும் மற்றொரு துயரம். அடுத்த தாக்குதல் எப்போது வரும், எதனைக் கொண்டுபோகும் என்பது எவருக்கும் தெரியாது. பெயர் தெரிந்த பின்னரும் போக்குத் தெரியாத நோய் இது.

இனி, பலராலும் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் ஒரு நிலையைக் குறிப்பிடுவோம். நோயாளருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு, உள்ளத்தில் அதற்கேற்ற உணர்வு இல்லாதபோதும், அடக்கவியலாத அழுகையோ சிரிப்போ திடீரெனப் பொங்குகிறது. உணர்வை வெளிப்படுத்தலைக் கட்டுப்படுத்தும் மூளை வழிகள் சிதைவதே இதன் காரணம். அடக்கச் சடங்கின் நடுவே ஒருவர் சிரித்துவிட்டால் அவரைக் கல்நெஞ்சர் என்பர். பாடல் தொடங்கியவுடன் ஒருவர் தேம்பியழுதால், அதனை ஆவிக்குரிய அசைவென்றோ மறைந்த பாவத்தின் உறுத்தலென்றோ சிலர் பொருள் கூறக்கூடும். அவரோ வெட்கத்தால் மக்கள் கூடுமிடங்களைத் தவிர்க்கத் தொடங்குவார். இதற்கென்றே அமைந்த மருந்தொன்றை அமெரிக்க அரசு 2010இல் ஏற்றுக்கொண்டது. மனச்சோர்வுக்குரிய மருந்துகளும் இதற்கு உதவுகின்றன.

காட்ரெலும் வில்சனும் கண்ட பொருந்தா மகிழ்ச்சியும் முற்றிலும் பொய்யன்று. நோய் முதிர்ந்த சிலரிடம் அது காணப்படுகிறது. எனினும் முகத்தின் புன்னகையை வைத்து உள்ளத்தை அளந்துவிடலாகாது.

இறுதியாக, களைப்பு. நோயாளருள் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் இதனை அனுபவிக்கின்றனர். உழைத்து வரும் களைப்பு உறங்கினால் தீரும். இது உறங்கி எழுந்தவுடனே வந்து நிற்கும். உடற்சூடு சிறிது உயர்ந்தாலும் அறிகுறிகள் மிகுகின்றன; உடலுழைப்பின்போது நோயாளரின் பார்வை மங்குவதை உஹ்தோப் என்னும் ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890இலேயே குறித்தார். மே மாத நண்பகலில் தகரக் கூரையின் கீழ் நடைபெறும் நீண்ட கூட்டத்தில், இந்நோயுடைய ஒருவரின் பார்வையும் நடையும் சிந்தனையும் ஒருங்கே தளர்வது இதனாலேயே. சூடு தணிந்தபின் அவர் முன்னிலைக்குத் திரும்புவார். காலையில் தெளிவாக இருந்தவர் மாலையிற் குழம்புவதைக் கண்டு 'நடிக்கிறார்' என்பது பெருங்கொடுமை.

5. இரு தவறான தீர்ப்புகள்

இதுகாறும் கூறியவற்றிலிருந்து, நாம் தவிர்க்க வேண்டிய தீர்ப்புகள் இரண்டு என்பது தெளிவாகும்.

முதலாவது, நோயின் விளைவைக் குணக்கேடாகக் கொள்ளுதல். இதற்கு நாம் மட்டும் பொறுப்பாளர் அல்லர். நோயாளரே தம்மை அவ்வாறு எண்ணிக்கொள்வதுண்டு. இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜின் பேரனாகிய அகஸ்டஸ் டெஸ்டே என்பவர் எழுதிய நாட்குறிப்பு, எம்.எஸ். நோயாளர் ஒருவர் தம் நோயைத் தாமே பதிவு செய்தவற்றுள் மிகப் பழமையானதாகக் கருதப்படுகிறது. 1822 டிசம்பரில், தாம் பெரிதும் நேசித்த உறவினர் ஒருவரைக் காண ஸ்காட்லாந்து சென்ற அவர், அவ்வுறவினர் இறந்திருக்கக் கண்டார். அடக்கத்தின்போது பலர் முன்னிலையில் அழாமலிருக்கப் பெரிதும் முயன்றார். விரைவில் அவர் பார்வை மங்கிற்று. தமக்கு வந்த கடிதங்களைப் பிறரைக் கொண்டு வாசிக்கச் செய்ய வேண்டியதாயிற்று. அழுகையோடு நிகழ்ந்த அப்போராட்டத்தை அடுத்தே தம் பார்வைக் குறைவை அவர் எழுதிவைத்தார். இன்று மருத்துவர் அதனைக் கண் நரம்பழற்சி என்பர். துன்பம் நேர்ந்தால் அதற்கு ஓர் உட்காரணத்தைத் தேடுவது மனித இயல்பு. பிறவியிலேயே பார்வையற்றவனைக் கண்டு, குற்றம் யாருடையது என்று சீடர் வினவியதையும், அவ்வினாவே அங்குத் தள்ளப்பட்டதையும் இறையியல் மாணவர் அறிவர்.

இரண்டாவது தீர்ப்பு இதற்கு எதிரானது. அதாவது, அறிவு குன்றியவரென்று எண்ணி நோயாளரை அவர் வாழ்க்கையைப் பற்றிய பேச்சிலிருந்தே விலக்கிவிடுதல். இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திற் பணியாற்றிய புரூஸ் கம்மிங்ஸ், பார்பெல்லியன் என்னும் புனைபெயரில் எழுதியவர். 1915இல் படைக்கு ஆள் சேர்க்கும் இடத்திற்கு, தம் மருத்துவர் முத்திரையிட்டுத் தந்த கடிதத்தோடு சென்றார். அங்கு அதனைப் பிரிக்காமலே அவரைத் தள்ளிவிட்டனர். திரும்பும் வழியில் அவரே அதனைப் பிரித்து வாசித்து, தமக்குள்ள நோயின் பெயரை முதன்முறையாக அறிந்தார். அவர் மனைவியோ திருமணத்திற்கு முன்னரே அதனை அறிந்து, அறிந்தே அவரை மணந்திருந்தார். அதனை அவர் அறிந்தது பின்னரே. 1919இல் அவருடைய நாட்குறிப்பு நூலாக வெளிவந்தது. அவ்வாண்டிலேயே தம் 30ஆம் வயதில் மறைந்தார். அவரிடம் மறைத்தோர் அன்பினாலேயே மறைத்தனர். ஆயினும் தம் உடலைப் பற்றித் தாமறியாததைப் பிறரெல்லாம் அறிந்திருந்தனர் என்னும் துயரையும் அவர் சுமக்க வேண்டியதாயிற்று. இன்றும் நாம் படுக்கையருகில் நின்று, நோயாளரை விட்டு, அவர் கணவரிடமோ மகனிடமோ 'எப்படி இருக்கிறார்கள்?' என்று கேட்கும்போது, இதே தவற்றைச் சிறு அளவிற் செய்கிறோம்.

பிரித்தறிதலுக்கு மேலும் ஓர் உதவிக் குறிப்பு உண்டு. தம் மறதியைப் பற்றி மிகுதியாக முறையிடுவோரிடம் சோதனையில் மறதி காணப்படாமல், மனச்சோர்வு காணப்படுவது பல ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. மாறாக, உண்மையான குறைபாடுடையோர் சிலர் அதனை உணர்வதே இல்லை. உடன் வாழ்வோரின் கூற்றே சோதனையுடன் பெரிதும் ஒத்துப்போகிறது. ஆகவே முறையிடுபவரிடம் சோர்வைப் பற்றிக் கேட்க வேண்டும். முறையிடாதவரின் குடும்பத்தார் சொல்வதையும், அவர் அறிய, அவர் முன்னிலையிலேயே கேட்க வேண்டும்.

6. ஆயர் செய்யத்தக்கவை

ஆயர் மருத்துவர் அல்லர். நோயைக் கணிப்பது அவர் பணியன்று. எனினும் அவர் செய்யத்தக்கவை பல உள.

அ. நேரமும் இடமும். வெப்பம் குறைந்த காலை வேளையே சந்திப்புக்கு ஏற்றது. தொலைக்காட்சியை நிறுத்தச் சொல்லி, அமைதியான இடத்தில், அரை மணி நேரத்திற்குள் சந்திப்பை முடித்தல் நன்று. பலர் கூட்டமாகச் செல்லுதலைத் தவிர்க்க வேண்டும்.

ஆ. பேசும் முறை. ஒரு வேளையில் ஒரு பொருளையே பேசி, விடைக்குக் காத்திருக்க வேண்டும். அவர் தேடும் சொல்லை நாமே எடுத்துக் கொடுத்து வாக்கியத்தை முடித்துவிடுதல் கூடாது. முக்கியமானவற்றைத் திரும்பக் கூறி, ஒரு தாளில் எழுதிக் கொடுத்து வருதல் வேண்டும்.

இ. கற்பித்தல். நினைவாற்றலைக் குணப்படுத்தும் மருந்து என்று உறுதிப்பட்டது இன்னும் இல்லை. முதுமை மறதிக்குத் தரப்படும் டொனெபெசில் என்னும் மருந்தை எம்.எஸ். நோயாளருக்குக் கொடுத்து ஆராய்ந்து, பயனில்லை என 2011இல் அறிவித்தனர். ஆனால் பயிற்சிக்குப் பயனுண்டு. நினைவில் இருத்த வேண்டியவற்றை ஒரு கதையாகக் கோத்து, காட்சியாக மனத்திற் காணும் முறையைப் பத்து அமர்வுகளில் கற்பித்தபோது, நோயாளரின் கற்கும் ஆற்றல் உயர்ந்ததை 2013இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டிற்று. உவமைகளாலும் கதைகளாலும் கற்பிக்கும் மரபுடைய நமக்கு இது கடினமன்று.

ஈ. பொறுப்புகள். நோயைக் காரணமாக்கிப் பொறுப்பைப் பறித்துவிடாமல், அதன் வடிவத்தை மாற்ற வேண்டும். கூட்டத்தின் பொருள்களை இரு நாள் முன்னர் எழுத்திற் கொடுத்தால், மேற்கூறிய உறுப்பினர் தம் கருத்தை ஆயத்தத்துடன் கூறுவார். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் ஒருவர் பெரிய வகுப்பை விட்டுச் சிலரைக் கொண்ட சிறு வகுப்பை நடத்தலாம்.

உ. தொலைபேசி. 2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மனச்சோர்வுற்ற 127 எம்.எஸ். நோயாளருக்கு 16 வாரங்கள் தொலைபேசி வழியாகவே உளவியல் உதவி அளிக்கப்பட்டது; சோர்வு குறைந்தது. பயிற்சி பெற்றோர் செய்த பணி அது. எனினும், வெளியே வர இயலாதவருக்கு வாரந்தோறும் தவறாமல் வரும் ஓர் அழைப்பின் மதிப்பை அதிலிருந்து நாம் உணரலாம்.

ஊ. உயிர்க்காப்பு. சோர்வு கடுமையாகத் தோன்றினால், 'உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா?' என்று தெளிவாகவும் கனிவாகவும் கேட்க வேண்டும். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஆறுதலே அடைகிறார். ஆம் என்றால், அவரைத் தனியே விடாமல், குடும்பத்தார் துணையுடன் அன்றே மருத்துவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். இத்தகைய பேச்சில் இரகசியம் காப்பதைவிட உயிர் காப்பதே முதன்மையானது. மைய அரசு 2022 முதல் நடத்திவரும் 'டெலி மானஸ்' மனநல உதவியைக் கட்டணமின்றி 14416 என்னும் எண்ணில் தமிழிலும் பெறலாம். மனச்சோர்வுக்கான மருந்தை உட்கொள்வது நம்பிக்கைக்கு மாறானதென்று எவரேனும் கூறினால், அதனை ஆயர் வெளிப்படையாக மறுக்க வேண்டும். மருந்தைத் திடீரென நிறுத்துமாறு எவரும் கூறலாகாது.

எ. குடும்பமும் உரிமையும். வாழ்க்கைத் துணைவரின் களைப்பையும் கோபத்தையும் கேட்பதற்கு ஒருவர் வேண்டும். 'அவர் வேண்டுமென்று மறக்கவில்லை. மூளை தாமதிக்கிறது' என்னும் ஒரு விளக்கமே பல வீடுகளிற் பூசலைத் தணிக்கும். ஊனமுற்றோர் உரிமைகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகை ஊனங்களில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பெயரோடு இடம்பெற்றுள்ளது. சான்றிதழ் பெறுவதற்கு வேண்டிய படிவங்களையும் நாட்களையும் நினைவில் வைத்துச் செயற்படுவதே இந்நோயாளருக்குக் கடினம். அங்கு ஒருவர் துணைசெய்தல் பெரும் உதவி. 1985இல் தொடங்கப்பட்ட இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கத்தின் கிளை சென்னையிலும் உள்ளது.

முடிவுரை

பக்கவாதத்தால் கை தளர்ந்தவர் திருவிருந்துப் பாத்திரத்தைப் பற்ற இயலாதபோது, நாம் அவரைக் கடிந்துகொள்வதில்லை. அவர் கையைத் தாங்கிக் கொடுக்கிறோம். எம்.எஸ். நோயாளரின் மறதிக்கும் தாமதத்திற்கும் அழுகைக்கும் அத்தகைய தாங்குதலே வேண்டும். தளர்ந்த கை கண்ணுக்குத் தெரிகிறது. தளர்ந்த நினைவு தெரிவதில்லை. தெரியாததை அறிந்துகொள்ளும் பொறுப்பு நோயாளருடையதன்று, நம்முடையது. நம் சேகரத்தில் நேற்று வரை சுறுசுறுப்பாயிருந்த இளம் வயதினர் ஒருவர், காரணம் விளங்காமல் மெதுவாகவும் மறதியுள்ளவராகவும் ஒதுங்கியும் போனாரெனின், அவரைப் பற்றி முடிவு கூறுமுன், நரம்பியல் மருத்துவர் ஒருவரைக் கண்டாரா என்று அவரிடமே கேட்போமாக.